தினமும் ஓடுகிறவருக்குக் காசநோய் வராதா?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து 23 வயது இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஊர், பெயர் எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

காவலர் தேர்வுக்குத் தயாராகிறார். எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது, அடுத்தது உடல்திறன் தேர்வு. 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், மார்பு 81 சென்டிமீட்டர் இருந்து மூச்சை இழுத்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். அதிகாலையில் ஓட்டம், சாயங்காலம் கபடி, ராத்திரி ஜிம் என்று போய்க்கொண்டிருந்தபோது, பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு நுரையீரல் காசநோய் என்று மூன்று வாரத்துக்கு முன் தெரிந்திருக்கிறது. சளியில் கிருமி இருந்தது. அரசு மருத்துவமனையில் மாத்திரை தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர், வீட்டில் உள்ள எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், நோய் இல்லையென்றால் தடுப்பு மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இவர் மறுத்துவிட்டார்.

“நான் தினமும் 8 கிலோமீட்டர் ஓடுகிறேன் டாக்டர், எனக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம். பி.சி.ஜி. ஊசித் தழும்பும் கையில் இருக்கிறது. வியர்வை வழியாகக் கிருமி போய்விடும் என்கிறார் எங்கள் கோச். மாத்திரை போட்டால் கல்லீரல் கெட்டு ஸ்டாமினா போய்விடுமாம். அண்ணனையும் காலையில் ஓட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் நுரையீரல் விரிந்து சீக்கிரம் குணமாகும் என்று நினைக்கிறேன். அம்மாவோ அண்ணனைக் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை. தட்டு, டம்ளர் எல்லாம் தனி. நாங்கள் இரண்டு பேரில் யார் சொல்வது சரி?”

கேள்வி இதுதான். ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சில விஷயங்கள் எழுதியிருக்கிறார். கபடிப் போட்டியின் எடைப்பிரிவுக்காக ஒரு மாதத்தில் 4 கிலோ குறைத்திருக்கிறார். மைதானப் புழுதியால் பத்து நாளாக லேசான இருமல். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. அண்ணனுக்கு உடம்பு சரியில்லாததால் அவருடைய மூன்று வயது மகள் இப்போது சித்தப்பாவோடுதான் படுத்துக்கொள்கிறாள்.

தம்பி, நீங்கள் கேட்ட கேள்வியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இந்தக் கடைசிப் பகுதிதான்.

வீட்டில் ஒருவருக்குச் சளியில் கிருமியோடு காசநோய். அதே வீட்டில் இருக்கும் நீங்கள் இருமுகிறீர்கள், எடையும் குறைந்திருக்கிறது. இந்த இரண்டையும் வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே சளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பேன். உங்களுக்கு மட்டும் ஏன் அது தோன்றவில்லை? பயிற்சி செய்கிறவரிடம் ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. எடை குறைந்தால் டயட், அசதி என்றால் ஓவர் பிராக்டிஸ், ராத்திரி வியர்த்தால் வெயில் காலம், இருமினால் புழுதி. ஆட்டக்காரர்கள் பலர் என்னிடம் தாமதமாகத்தான் வந்து சேர்கிறார்கள். உங்கள் இருமல் புழுதியாகவே இருக்கலாம், இருக்கட்டும். ஆனால் அதை நீங்களோ கோச்சோ முடிவு செய்ய முடியாது. மார்பு எக்ஸ்-ரேயும், சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட் பரிசோதனையும்தான் சொல்ல வேண்டும். சாதாரணமாக இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் பரிசோதனை செய்யச் சொல்வோம். வீட்டில் நோயாளி இருக்கும்போது அந்த இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, எத்தனை நாள் இருமலானாலும் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

முடிவு தெரியும்வரை குழந்தை உங்களோடு படுக்க வேண்டாம். ஜிம்முக்கும் கபடிக்கும் போக வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

வியர்வையில் கிருமி போகாது

காசநோய்க் கிருமி மூச்சு வழியாக உள்ளே போகிறது, மூச்சு வழியாகத்தான் வெளியே வந்து பரவுகிறது. வியர்வைச் சுரப்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நோயாளி இருமும்போதும் பேசும்போதும் வரும் மிக நுண்ணிய துளிகள் காற்றில் மிதந்து, இன்னொருவரின் நுரையீரலில் உள்ள காற்றுப்பைகள்வரை போய்ச் சேருகின்றன. அங்கே காவலுக்கு இருக்கும் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்குகின்றன. மற்றக் கிருமியாக இருந்தால் விழுங்கியதும் செரித்துவிடும். இந்தக் கிருமி தன்னைச் செரிக்க விடாமல் தடுத்து, அந்த அணுவுக்குள்ளேயே குடியிருக்கக் கற்றுக்கொண்டது. சில வாரம் கழித்து டி-அணுக்கள் என்ற அடுத்த படை வந்து சேர்ந்து, கிருமி இருக்கும் இடத்தைச் சுற்றிலும் வளைத்துக்கொள்ளும். உங்களுக்குப் புரிகிற மாதிரி கபடியில் சொன்னால், பாடி வந்தவனைச் சங்கிலி போட்டுப் பிடித்தாகிவிட்டது, ஆனால் அவன் இன்னும் மூச்சு விடவில்லை, நடுவரும் விசில் ஊதவில்லை. பிடி தளர்ந்தால் கோட்டைத் தொட்டுவிடுவான்.

உலக மக்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு இந்தத் தொற்று இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் வாழ்நாளில் நோயாக மாறுவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். அதிலும் பெரும்பாலானவர்களுக்குத் தொற்றிய முதல் இரண்டு வருடத்துக்குள் வந்துவிடுகிறது. உங்கள் வீடு இப்போது அந்த இரண்டு வருடத்தின் தொடக்கத்தில் இருக்கிறது.

பி.சி.ஜி. தழும்பை நம்பியிருக்க வேண்டாம். அந்த ஊசி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காப்பாற்றுகிறது, அதற்காகத்தான் பிறந்ததும் போடுகிறோம். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கிறதா என்று நம் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் 1968-இல் மிகப் பெரிய ஆய்வு தொடங்கினார்கள். தடுக்கவில்லை என்று வந்தது.

பயிற்சி எதைச் செய்கிறது?

ஓடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எதிர்ப்பு அணுக்கள் ஏராளமாக ரத்தத்தில் இறங்குகின்றன, ஓய்வெடுத்த ஓரிரு மணி நேரத்தில் மறுபடி திசுக்களுக்குத் திரும்புகின்றன. தொடர்ந்து மிதமான பயிற்சி செய்கிறவர்களுக்கு உடம்பின் உள்ளழற்சி குறைகிறது, தூக்கம் நன்றாக வருகிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இதெல்லாம் உண்மை, நான் ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இது உடம்பைப் பொதுவாக நல்ல நிலையில் வைத்திருப்பது. நுரையீரலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கிருமியைத் தேடிக் கொல்வது வேறு வேலை. காசநோயைத் தடுக்கும் என்று தடுப்பு மாத்திரைக்கு நிரூபணம் இருக்கிறது. ஓட்டத்துக்கு அப்படி ஒரு நிரூபணம் கிடையாது.

அளவு மீறினால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். 1987-இல் லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தான் ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேருக்கு அடுத்த வாரம் சளி, தொண்டை வலி வந்தது. அதே மாதிரி பயிற்சி செய்துவிட்டு அந்த மாரத்தானில் ஓடாதவர்களில் 2.2 சதவீதம் பேருக்குத்தான். அளவு மீறிய பயிற்சி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்ற பேச்சு இதை ஒட்டித்தான் பரவியது. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள், கூட்டம், தூக்கமின்மை, பயணம் இவையும் காரணமாக இருக்கலாம் என்று மறுத்தார்கள். அது இன்னும் தீராத வழக்கு, அதுவும் சாதாரணச் சளியைப் பற்றியது. அதை வைத்து உங்களைப் பயமுறுத்த மாட்டேன்.

நான் பயப்படுவது ஓட்டத்துக்காக அல்ல, அந்த 4 கிலோவுக்காக. உடல் எடைக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பு மிக உறுதியானது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. எண் ஒன்று கூடினால் காசநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 14 சதவீதம் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. காசநோயாளிகளின் வீட்டில் இருப்பவர்களுக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அது கிடைக்காத வீடுகளோடு ஒப்பிட்டால் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை அது. நீங்களோ ராத்திரி சாப்பாட்டை விட்டு, தண்ணீரைக் குறைத்து, வெயிலில் ஜெர்கின் போட்டு ஓடி எடைப்பிரிவுக்குள் நுழையப் பார்க்கிறீர்கள். வீட்டில் காசநோய் இருக்கும் இந்த நேரத்தில் அதைச் செய்யாதீர்கள். மேல் பிரிவில் ஆடுங்கள், இல்லாவிட்டால் இந்தப் போட்டியை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஏ.சி. ஜிம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 5, 6 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். கடுமையாகப் பயிற்சி செய்யும்போது உங்கள் வயதுக்காரர் 100 லிட்டருக்கு மேல் இழுப்பார். ஜன்னலை மூடிய அறையில் யாரோ ஒருவருக்கு நோய் இருந்தால் உங்களுக்குள் போகும் கிருமியும் அதே கணக்கில் கூடும். நோய் உங்களுக்கே இருந்தால் மற்றவர்களுக்கும் இதே கணக்குதான். முடிவு வரும்வரை ஜிம் வேண்டாம் என்று சொன்னது அதற்காகத்தான்.

அண்ணன் படுத்திருக்க வேண்டுமா, ஓட வேண்டுமா?

நீங்களும் அம்மாவும் போடும் இந்தச் சண்டையை மருத்துவர்கள் நூறு வருடத்துக்கு முன்பே போட்டார்கள். மாத்திரை இல்லாத காலத்தில் சானடோரியம் என்ற காசநோய் ஓய்வு மருத்துவமனையில் மாதக்கணக்காகப் படுக்க வைப்பதே வைத்தியம். நம் ஊரில் டாக்டர் சௌரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கியது அப்படி ஒரு சானடோரியம், பக்கத்து ரயில் நிலையத்துக்கு இன்றைக்கும் தாம்பரம் சானடோரியம் என்றுதான் பெயர். இங்கிலாந்தில் ஃப்ரிம்லி என்ற இடத்தில் மார்க்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர் நேர் எதிராகச் செய்தார். முதலில் நடை, பிறகு கூடையில் மண் சுமப்பது, பிறகு மண்வெட்டி வேலை என்று படிப்படியாக நோயாளிகளுக்கு வேலை கொடுத்தார். உழைக்கும்போது கிருமியின் நஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலந்து எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்பது அவருடைய கொள்கை. அண்ணனை ஓட வைத்துக் குணப்படுத்தலாம் என்று நீங்கள் நினைப்பதும் ஏறக்குறைய அந்த வழிதான். கொள்கை நிற்கவில்லை. ஆனால் காய்ச்சலும் நாடித் துடிப்பும் பார்த்துப் படிப்படியாக வேலையைக் கூட்டிய அவருடைய முறையில் நல்ல விவேகம் இருந்தது.

வழக்கைத் தீர்த்தது சென்னை. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில், ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் ஓய்வு, நல்ல சாப்பாடு. இன்னொரு பிரிவுக்கு நெரிசலான சொந்த வீட்டிலேயே வைத்தியம். சாப்பாடு சுமார், ஓய்வு குறைவு, உடல் உழைப்பு அதிகம். இரண்டு பிரிவுக்கும் ஒரே மாத்திரை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-இல் முடிவு வெளியானதும் சானடோரியங்களின் காலம் உலகம் முழுக்க முடிவுக்கு வரத் தொடங்கியது. உங்கள் அண்ணன் இன்றைக்கு வீட்டிலிருந்தபடியே வைத்தியம் பார்த்துக்கொள்ள முடிவது அந்த ஆய்வால்தான். ஓய்வு குணப்படுத்தவில்லை, உழைப்பும் கெடுக்கவில்லை. குணப்படுத்தியது ஒரு வேளை விடாமல் சாப்பிட்ட மாத்திரை.

ஆகவே அண்ணன் படுத்தே கிடக்கவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம். நடக்கட்டும். காய்ச்சல் விட்டிருக்க வேண்டும், சளியில் ரத்தம் வரக்கூடாது, உட்கார்ந்திருக்கும்போது விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் அளவு 94-க்குக் குறையக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்து, வைத்தியம் பார்க்கும் டாக்டரும் சரி என்றால், காலையும் மாலையும் ஐந்து, பத்து நிமிடம் வாசலிலோ மொட்டை மாடியிலோ நடக்கலாம். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது நல்ல பயிற்சி. இந்த நோயில் தொடைச் சதையும் கரைகிறது. வாராவாரம் கொஞ்சம் கூட்டலாம். பளு தூக்குவது, மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்குவது மட்டும் இப்போதைக்குக் கூடாது. நுரையீரலில் பொத்தல் விழுந்த இடம் இருந்தால் ஆபத்து. இரண்டாம் மாத முடிவில் சளி பார்ப்பார்கள், வேலைக்குத் திரும்புவது, ஓடுவது பற்றியெல்லாம் அப்போது பேசிக்கொள்ளலாம். இருமலில் ரத்தமோ திடீர் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் நடை, பயிற்சி எல்லாவற்றையும் விட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

அண்ணனின் எடை கூடுகிறதா என்று பாருங்கள், அதுதான் முக்கியம். ஜார்க்கண்ட் ஆய்வில் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. சாப்பிட்டதையெல்லாம் ஓடிக் கரைக்க இது நேரமில்லை. சத்துணவுக்காக அரசு தரும் மாதம் 1000 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்கு வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் ஆதார், பாஸ்புக் நகலோடு போய்ச் சுகாதாரப் பணியாளரிடம் பதியச் சொல்லுங்கள். அது அவருக்குச் சேர வேண்டிய பணம்.

அம்மாவிடம் ஒன்றைப் பக்குவமாகச் சொல்லுங்கள். தட்டு, டம்ளரால் இந்த நோய் ஒட்டாது. அதைத் தனியாக வைப்பதால் அண்ணன் மனம் நோவதுதான் மிச்சம். ஜன்னலைத் திறந்து வைப்பதும், ஆரம்ப வாரங்களில் அண்ணன் மாஸ்க் போட்டுக்கொள்வதும்தான் பயனுள்ள காரியம். இன்னொன்றும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் உடற்பயிற்சியால் காசநோய்க்கு எதிராக அதிகப் பலன் பெறப்போவது நீங்கள் இல்லை, அம்மாதான். சர்க்கரை நோய் இருந்தால் காசநோய் வரும் ஆபத்து இரண்டு, மூன்று மடங்கு. தினம் அரை மணி நேர நடை சர்க்கரையைக் குறைக்கும், சர்க்கரை கட்டுப்பட்டால் எதிர்ப்பு அணுக்கள் ஒழுங்காக வேலை செய்யும். ஆக, வீட்டில் யாரையாவது காலையில் கிளப்பிக் கூட்டிப்போக ஆசை இருந்தால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தடுப்பு மாத்திரையும் ஸ்டாமினாவும்

முதலில் உங்களுக்கு நோய் இல்லை என்று உறுதியாக வேண்டும். நோய் இருக்கும்போது தடுப்பு மாத்திரை மட்டும் கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். நோய் இல்லையென்றால் வாரம் ஒரு முறை வீதம் 12 வேளை, அல்லது தினமும் ஆறு மாதம் என்று உங்கள் ஊரில் இருக்கும் முறைப்படி தருவார்கள். நோய் வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது. கட்டாயப்படுத்த யாராலும் முடியாது, மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சரியான தகவலை வைத்துக்கொண்டு மறுங்கள்.

ஸ்டாமினா போகாது. கல்லீரல் விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது முழுப் பொய் இல்லை. சிலருக்குப் பாதிக்கிறது, அதனால்தான் கண் மஞ்சள், வாந்தி, பசியின்மை வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்கிறோம். உங்களைப் போன்ற இளைஞருக்கு அந்த ஆபத்து குறைவு, குடி இருந்தால் கூடும். ஆட்டக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. கடுமையாகப் பளு தூக்கினால் கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற நொதிகளின் அளவு தசையிலிருந்தே ஒரு வாரம்வரை ஏறி நிற்கும். ஜிம்மில் புரட்டியெடுத்துவிட்டு மறுநாள் ரத்தம் கொடுத்தால், மாத்திரை கல்லீரலைக் கெடுத்துவிட்டது என்று எல்லோரும் பதறுவார்கள். ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய ஒரு வாரம் பளுவைத் தொடாதீர்கள், டாக்டரிடமும் பயிற்சி செய்வதைச் சொல்லுங்கள். வார மாத்திரை என்றால் சிலருக்கு அன்றும் மறுநாளும் உடம்பு வலி, லேசான காய்ச்சல் இருக்கும். அதை உங்கள் ஓய்வு நாளுக்கு முந்தின ராத்திரி வைத்துக்கொள்ளலாம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள். ஜிம்மில் யாராவது தசை ஏற்றும் ஊசியோ மாத்திரையோ நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கல்லீரலுக்கு உண்மையான எதிரி அதுதான்.

ஒருவேளை பரிசோதனையில் நோய் என்றே வந்தால், ஆறு மாத வைத்தியம், இந்த உடல்திறன் தேர்வு கைவிட்டுப் போகலாம். அது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் இருமலை மறைத்துக்கொண்டு மைதானத்தில் விழுவதைவிட, குணமாகி அடுத்த அறிவிப்புக்கு 23 வயதுக்காரராகவோ 24 வயதுக்காரராகவோ ஓடுவதற்கு உங்களிடம் காலம் இருக்கிறது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் நுரையீரலில் தழும்பும் குறைவு. பிறகு மார்பு விரிவதற்கு அதுதான் முக்கியம்.

கடைசியாக, குழந்தை. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குத் தொற்று நோயாக மாறுவது பெரியவர்களைவிட வெகு வேகம், மூளைவரை போவதும் இந்த வயதில்தான். காய்ச்சல், இருமல் இல்லை, நன்றாக விளையாடுகிறாள் என்று காத்திருக்கக் கூடாது. நோய் இல்லை என்று பார்த்த அன்றே தடுப்பு மருந்து தொடங்கிவிட வேண்டும். மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது.

நாளைக் காலை ஓட்டத்தை விட்டுவிடுங்கள். எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து இருமி வரும் முதல் சளியை ஒரு மூடியுள்ள டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். எச்சிலாக இருந்தால் பயன்படாது. அண்ணி, அம்மா, குழந்தை மூவரையும் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், அண்ணனின் காசநோய்ச் சிகிச்சை அட்டை கையில் இருக்கட்டும். அங்கே முதலில் குழந்தையைப் பார்க்கச் சொல்லுங்கள்.